புது ஊரில் ஒரு சபைக்குள் வேர் பிடிக்க: ஸ்தோத்திரக் கவரிலிருந்து தொடங்குங்கள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கல்யாணமாகியோ ஊரை விட்டு வந்து, சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ ஒரு வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறீர்கள், கடைசி வரிசையில் உட்காருகிறீர்கள், ஆசீர்வாதம் கூறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். ஊரில் இருந்தபோது மணி அடித்தால் தெருவே கிளம்பும். இங்கே உங்கள் பெயர்கூட யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபையிலிருந்து சென்னைக்கு வந்த எனக்கு இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் அங்கங்கே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். தலைப்பில் சொன்ன ஸ்தோத்திரக் கவர், அதாவது நன்றிக் காணிக்கை போடும் சின்ன உறை, நாலாவது படியில் வருகிறது.

நான் சொல்வது பெரும்பாலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் நடைமுறை. லுத்தரன், மெத்தடிஸ்ட் சபைகளிலும் ஏறக்குறைய இதே வழிதான், பெயர்கள் மட்டும் மாறும். கத்தோலிக்கராக இருந்தால் பங்கு அலுவலகத்தில் பதிந்த கையோடு உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்று கேட்டுவிடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

தேவைப்படுபவை இவை: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், கல்யாணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், சபை மாற்றக் கடிதம், கடைசியாகக் கட்டிய சங்கக் காணிக்கையின், அதாவது உறுப்பினர் சந்தாவின், ரசீது. எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

கிராமத்துக் கோவிலில் இருக்கும் சபை ஊழியரிடம் பொதுவாக சங்கப் புத்தகம்தான் இருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு சேகர அலுவலகத்தில் இருக்கும். சேகரம் என்றால் ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு. ஆகவே நேராகச் சேகர குருவானவரிடம் போகவேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம் இதற்கு ஏற்றதல்ல. ஒருவர் கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதவும் இன்னொருவர் வீட்டு ஜெபத்துக்கு அழைக்கவும் நின்றுகொண்டிருப்பார்கள். வார நாளில், முதல் நாளே போன் செய்துவிட்டுக் காலையில் போங்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் எடுத்த வருஷம், அப்பா அம்மா பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பழைய பதிவேட்டைத் தேட வசதியாக இருக்கும்.

சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் கடிதம் வாங்குவதற்கு முன் கட்டச் சொல்வார்கள். வருஷக்கணக்கில் பாக்கி நின்றால் தொகை கொஞ்சம் அதிகமாகத் தெரியும். மொத்தமாக முடியாது என்றால் குருவானவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பதிவேட்டில் யோவான் என்றிருக்கும், ஆதாரில் ஜான் என்றிருக்கும். வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று. மாற்றக் கடிதத்தில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் கல்யாண ஓலை கொடுக்கும் வாரத்தில் ஊருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே கிளம்பி வந்துவிட்டீர்களா? சரி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்குங்கள். அதுவரை காத்திருக்காமல் இரண்டாம் படிக்குப் போய்விடலாம்.

2. எந்தச் சபை?

பெரிய பெயர் பெற்ற ஆலயம், நல்ல பாடகர் குழு, பிரசங்கத்துக்குப் பெயர் போன குருவானவர் என்று தேடிப் போவோம். தப்பில்லை. ஆனால் நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து களைத்துப்போன பிறகும் அந்த இடத்துக்கு உங்களால் போக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் இருபது நிமிஷத்தில் போகிற இடம், வார நாளில் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஐக்கியம் என்பது பாதிக்கு மேல் வார நாட்களில் நடப்பது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோகிற தூரத்தில் இருக்கவேண்டும்.

இரண்டு மூன்று சபைகளைப் பாருங்கள். பிறகு ஒன்றை முடிவு செய்து, தொடர்ந்து ஒரு மாதம் அதே சபைக்கு, அதே நேரத்து ஆராதனைக்குப் போங்கள். காலை ஆராதனை, இரண்டாம் ஆராதனை, மாலை ஆராதனை என்று பிரித்து வைத்திருக்கும் சபைகளில் ஒவ்வொன்றுக்கும் வருகிற ஜனம் வேறு. மாறி மாறிப் போனால் வருஷம் ஆனாலும் ஒருவருக்கும் உங்கள் முகம் பதியாது. கூட்டம் குறைவாக இருக்கும் அதிகாலை ஆராதனை புதியவர்களுக்கு நல்லது. நடு வரிசையில், முடிந்தவரை ஒரே இடத்தில் உட்காருங்கள். முடிந்ததும் பத்து நிமிஷம் வெளியே நில்லுங்கள்.

ஆராதனை முறைமைப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் ஊரில் பயன்படுத்தியதையே இங்கேயும் பயன்படுத்துகிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாட்டு எண் மாறினால் தேடி எடுப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

"சொந்த ஊர் எது?" என்று நிச்சயம் கேட்பார்கள். பெரும்பாலும் அது அன்பு. நாசரேத் என்றோ மெஞ்ஞானபுரம் என்றோ சொன்னால், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று ஒரு நூல் பிடித்துக்கொள்வார்கள். சில வேளை அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதிக் கணக்கும் இருக்கும். அதை மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிறிஸ்துவின் சபையில் யாருக்கும் கிடையாது. சபைத் தேர்தல் அணிகளும் அப்படித்தான். வந்த புதிதில் எந்தப் பக்கத்துப் பேச்சிலும் தலையாட்டாதீர்கள்.

3. பெயரைப் பதிவது

விண்ணப்பம், போட்டோ, முகவரிச் சான்று, மேலே சொன்ன சான்றிதழ்களின் நகல், மாற்றக் கடிதத்தின் அசல். வாடகை வீட்டுக்காரர்களிடம் பெரும்பாலும் ஊர் முகவரி உள்ள ஆதார்தான் இருக்கும். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பல சபைகளில் கமிட்டி கூடி ஒப்புதல் தந்த பிறகுதான் பெயர் ஏறும். கமிட்டி எப்போது கூடும் என்று தெரிந்துகொண்டு அதற்கு முன் கொடுத்தால் அலைச்சல் மிச்சம்.

சந்தா எவ்வளவு என்பது சபைக்குச் சபை மாறும். குடும்பத்துக்கா, ஆளுக்கா, மாதமா, வருஷமா, வேலை இல்லாதவர்களுக்குச் சலுகை உண்டா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஜிபேயில் அனுப்பினாலும் ரசீது வாங்குங்கள். சந்தா விட்டுப்போனால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயர் விடுபடலாம். கல்யாண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கவும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் முதலில் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். இன்னொன்று, வீட்டு வாசலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வந்து சபையின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அலுவலகத்தில் வந்து கட்டுகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள்.

4. ஸ்தோத்திரக் கவர்

ஆலய வாசலில் ஒரு மேசை, அதன்மேல் சின்னக் கவர்கள். ஸ்தோத்திரக் காணிக்கை என்று அச்சடித்து, கீழே பெயர், காரணம், தொகை என்று கோடு போட்டிருக்கும். ஊரில் அம்மாதான் நிரப்பித் தருவார்கள். நாம் அதைக் கவனித்திருக்கவே மாட்டோம். புது ஊரில் ஒரு சபைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் நான் பார்க்கவில்லை.

பெரும்பாலோர் தொகையை எழுதுவார்கள். காரணம் என்ற இடத்தில் "தேவன் செய்த நன்மைகளுக்காக" என்று எழுதுவார்கள், இல்லையென்றால் காலியாக விடுவார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும். எந்த நன்மை? "அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக" என்று எழுதுங்கள். "மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்து, இந்த மாதம் சேர்ந்ததற்காக." "மகள் முதல் நாள் அழாமல் பள்ளிக்கூடம் போனதற்காக." சின்ன விஷயமாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். பெயரோடும் காரணத்தோடும் அது ஆராதனையில் வாசிக்கப்படும்போது, கடைசி வரிசையில் இருந்த முகத்துக்கு ஒரு வீடும் ஒரு கவலையும் ஒரு சந்தோஷமும் இருக்கிறது என்று சபைக்கு முதன்முதலாகத் தெரியவருகிறது.

அம்மாவின் கண் ஆபரேஷன் நான் எழுதியதுதான். வாசித்த அன்றைக்கு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "கண்ணு ஆபரேஷன் எழுதுனது நீதானாம்மா? எந்த ஆஸ்பத்திரி? வலிச்சுதாமா? எத்தனை நாள் சொட்டு மருந்து விட்டாங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்கும் புரை முற்றியிருந்தது, பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்றபடியே பேசி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அவர்கள் ஆபரேஷனுக்குப் போனபோது கூட இருந்தது நான்தான். இன்றைக்கு என் வீட்டுச் சாவி ஒன்று அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

பத்துக் குஷ்டரோகிகளின் கதை நமக்கெல்லாம் தெரியும், லூக்கா 17. திரும்பி வந்த ஒருவன் உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தினான் என்று எழுதியிருக்கிறது. மற்ற ஒன்பது பேரும் மனதுக்குள் நன்றியோடுதான் இருந்திருப்பார்களோ என்னவோ. சத்தமாகச் சொன்னவனுடைய நன்றியைத்தான் சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். சபை நடுவே சொல்லும் ஸ்தோத்திரத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது தேவனுக்குப் போகும் வழியில் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரையும் தொட்டுவிட்டுப் போகிறது.

சில நடைமுறைகள். கவரை ஆராதனை தொடங்கக் கால் மணி நேரம் முன்பே எடுத்து நிரப்புங்கள். காணிக்கைப் பையில் போடவேண்டுமா, முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுக்கவேண்டுமா என்று விசாரியுங்கள். சில சபைகளில் முன்கூட்டிக் கொடுத்தால்தான் அன்றைக்கே வாசிப்பார்கள். கையெழுத்து தெளிவாக இருக்கட்டும். தொகைக்குக் கணக்கு எதுவும் இல்லை. ஐம்பது போட்டாலும் ஐயாயிரம் போட்டாலும் செய்கிற ஜெபம் ஒன்றுதான். கடன் வாங்கிப் போடாதீர்கள். இவ்வளவு விதைத்தால் இவ்வளவு மடங்கு திரும்பக் கிடைக்கும் என்று யாராவது கணக்குச் சொன்னால் அங்கிருந்து விலகிவிடுங்கள். நன்றி சொல்வது கிடைத்துவிட்டதற்காக.

மற்றவர்களுடைய அந்தரங்கத்தைக் கவரில் எழுதாதீர்கள். அண்ணன் குடியை விட்டதற்காக என்று நீங்கள் எழுதுவீர்கள். அண்ணன் அதே சபைக்கு வருகிறவராக இருந்தால் அவர் தலை குனிய நேரும். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

5. வீட்டில், தினமும்

தனியாக அறையில் இருப்பவர்களுக்குக் குடும்ப ஜெபம் விட்டுப்போவதுதான் முதல் இழப்பு. பத்து நிமிஷம் போதும். ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனையின் பல்லவியும் ஒரு சரணமும், ஒரு சிறிய ஜெபம். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் இரவு ஒன்பது மணி என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வேலையிலிருந்து வந்து படுக்கும் முன் எத்தனை மணியானாலும் அதுதான் உங்கள் ஜெப வேளை. வீட்டில் உள்ளவர்களோடு வாரத்தில் ஒரு நாளாவது வீடியோ காலில் சேர்ந்து ஜெபியுங்கள். அப்பா ஜெபிக்கும்போது உங்கள் பெயரைச் சொல்வதைக் கேட்பதே அந்த வாரத்துக்குப் போதுமான பலம்.

சங்கீதம் 103-இல் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று இருக்கிறது. மறக்காமல் இருக்க ஒரு நோட்டு போடுங்கள். அதில் நன்மையை மட்டும் எழுதாமல் அது யார் கையால் வந்தது என்றும் எழுதுங்கள். லீவு கிடைத்தது, தன் ஷிப்டை மாற்றிக் கொடுத்த சக ஊழியர். தண்ணீர் வந்தது, காலையில் மோட்டார் போட்ட வீட்டுக்கார அக்கா. எழுதி முடித்ததும் அவர்களில் ஒருவருக்காவது நேரிலோ போனிலோ சொல்லிவிடுங்கள். அவர்கள் கிறிஸ்தவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. தேவன் உபகாரம் செய்யும் கைகளை அப்படியெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கத்தை நகரத்தில் விட்டுவிடாதீர்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடவேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரு பிடி என்றால் மாதத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடச் சேரும். உங்கள் சபையில் அரிசி காணிக்கை வாங்குகிறார்கள் என்றால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் தெருவில் தேவைப்படும் வீட்டுக்கு. வண்டு பிடிக்காமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள்.

6. வீட்டு ஜெபக் கூட்டத்தை உங்கள் வீட்டில் ஒருமுறை வையுங்கள்

சபையை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வாரம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் வைப்பார்கள். முதலில் மற்றவர்கள் வீட்டுக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை போன பிறகு, அடுத்தது எங்கள் வீட்டில் என்று கேளுங்கள். சின்ன வீடு, நாற்காலி இல்லை என்று தயங்காதீர்கள். பாய் போதும். பத்துப் பதினைந்து பேருக்குச் சுண்டலும் டீயும் என்றால் சில நூறு ரூபாயில் முடியும். பிரியாணி போட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு அது சுமையாகிவிடும். அடுத்தடுத்து எல்லோரும் போடவேண்டி வரும், முடியாதவர்கள் தங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் எதிர்வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுவோம் என்று சொல்லி, சொன்னபடி முடியுங்கள். மைக் வேண்டாம். செருப்புகள் மாடிப்படியை அடைக்காதபடி ஒரு ஓரத்தில் சாக்கு விரித்து வையுங்கள். எதிர்வீட்டுக் குழந்தைகளுக்கும் சுண்டல் கொடுத்தனுப்புங்கள்.

பேச வராது, ஜெபிக்க வராது என்பவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. அசனம் (சபையார் எல்லோருக்குமான விருந்து) வைக்கும் நாளில் விடியற்காலையில் போய் வெங்காயம் உரிக்க உட்காருங்கள். நூறு கிலோ வெங்காயத்தின் நடுவே யாரும் யாருக்கும் அந்நியராக இருக்க முடியாது.

7. நன்றி சொல்ல முடியாத நாட்களில்

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை எடுத்து, துக்கத்தில் இருப்பவர் வாயில் திணிக்கிறவர்கள் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள், உங்களுக்கு மற்றவர்கள் செய்தால் மனம் உடையாதீர்கள். வேதத்தில் சங்கீதம் 13 இருக்கிறது, "எதுவரைக்கும்" என்று மறுபடி மறுபடி கேட்கிறது. சங்கீதம் 88 கடைசி வசனம் வரைக்கும் இருட்டாகவே முடிகிறது. அதுவும் ஜெபம்தான். அந்த நாட்களில் கவரில் எழுத ஒன்றும் இல்லை என்றால் ஜெப விண்ணப்பச் சீட்டில் எழுதுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

சபையில் ஒரு மரணம் என்றால், பழக்கம் இல்லாத குடும்பமாக இருந்தாலும் போங்கள். பேச ஒன்றும் தேவையில்லை. தண்ணீர் கேன் இறக்க, சேர் போட, ஊரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும். அடக்க ஆராதனைக்கு எல்லோரும் வருவார்கள். மூன்றாம் வாரம் யாரும் இருக்க மாட்டார்கள், அப்போது ஒருமுறை போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

8. வருஷத்தில் தவறவிடக்கூடாத நேரங்கள்

அறுப்பின் பண்டிகை: தேதி சபைக்குச் சபை மாறும், ஆராதனை அறிவிப்பில் கவனியுங்கள். காய்கறி, தேங்காய், கோழி, பலகாரம் என்று கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனைக்குப் பின் ஏலம் நடக்கும். உங்களிடம் விளைச்சல் இல்லாவிட்டால் கையால் செய்த முறுக்கு ஒரு டப்பா போதும். ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போல் பல மடங்கு போகும். அதைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டு ஏலம் கேட்காதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இவ்வளவுதான் என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

லெந்து நாட்கள் (தவக்காலம்): சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை பல சபைகளில் தினமும் மாலையில் ஜெபக் கூட்டம் இருக்கும். கூட்டம் குறைவு, பேசிப் பழக நேரம் அதிகம். புதியவர்களுக்கு வருஷத்திலேயே நல்ல காலம் இதுதான்.

கிறிஸ்துமஸ் கீத பவனி: வீடு வீடாக வருகிறவர்களின் பட்டியலில் உங்கள் பெயர் தானாக ஏறாது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் வாலிபர் ஐக்கியத்தினரிடம் பெயர், தெரு அடையாளம், போன் நம்பர் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். பதினோரு மணிக்கு என்று சொன்னால் இரண்டு மணிக்கும் வரலாம். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனிடம் இரவில் முப்பது பேர் பாடிக்கொண்டு வருவார்கள், கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று பகலிலேயே சொல்லி வையுங்கள். அவருக்கும் ஒரு துண்டு கேக் எடுத்து வையுங்கள்.